ஒலி போயும் எழுத்து நின்றது

ஆங்கிலம் பயிலப் புகுவோரை முதலில் மருட்டுவது ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கு எழுத்துகளும் அவ்வரிசையிலேயே இணைந்து நிற்கும் சொற்கூட்டமாகும். ஊடாக எனப் பொருள்படும் 'த்ரூ' என்பதில் அந்நான்கும் சேர்ந்து ஊகாரமாகின்றன. ஆயினும் எனப் பொருள்படும் 'தோ' என்பதில் ஓகாரமாகின்றன. இருமலுக்குரிய 'காஃப்', கரடுமுரட்டைக் குறிக்கும் 'ரஃப்', மரக்கிளையைச் சுட்டும் 'பௌ', எண்ணம் எனப்படும் 'தாட்' ஆகியவற்றிலும் அதே நான்கு எழுத்துகள்தாம். ஒலியோ ஒன்றற்கொன்று வேறு. இதனை ஆங்கிலேயரின் கிறுக்குத்தனம் என்று எள்ளி நகையாடுதல் எளிது. ஆனால் இச்சொற்களுள் ஒவ்வொன்றும் இறந்துபட்ட ஓர் ஒலியின் நடுகல் என்பதே வரலாறு காட்டும் உண்மை.

பழைய ஆங்கிலத்தில் தொண்டையில் உரசி எழும் ஓர் ஒலி இருந்தது. 'எஃகு' என்பதன் ஆய்தத்தை இன்னும் ஆழத்திலிருந்து உரசிச் சொன்னால் ஏறத்தாழ அதனை எட்டலாம். இரவு, மகள், எண்ணம் ஆகியவற்றைக் குறித்த சொற்களிலெல்லாம் அவ்வொலி ஒலித்தது. உறவு மொழியாகிய ஜெர்மன் இன்றும் இரவை 'நாஹ்ட்' என்றும், மகளை 'டோஹ்டர்' என்றும் வழங்கி அதனைக் காத்து வருகிறது. பழைய ஆங்கில எழுத்தர் இவ்வொலிக்குப் பெரும்பாலும் எச் என்னும் ஒற்றை எழுத்தையே எழுதினர்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். பிரெஞ்சு முறையில் பயின்ற எழுத்தருக்கு எச் என்பது வலுவிழந்த எழுத்து. அவ்வுரசொலியைத் தாங்க அது போதாது. ஆகவே மூன்று என்னும் எண்ணின் உருவையொத்த 'யோக்' என்ற எழுத்தும், பின்னர் ஜி, எச் என்னும் இரட்டையும் வழக்கிற்கு வந்தன. ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து வந்த அச்செழுத்துகளில் 'யோக்' இல்லாமையால் இரட்டையே நிலைத்தது. ஸ்காத்லாந்தில் அவ்வெழுத்துக்கு மாற்றாக இசட் என்னும் எழுத்தைக் கோத்துவிட்டனர். 'மென்சீஸ்' என எழுதப்படும் குடிப்பெயர் அங்கு 'மிங்கிஸ்' என ஒலிக்கப்படுவது அதன் எச்சமாகும்.

1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய வில்லியம் காக்ஸ்டன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிளாண்டர்ஸ் முதலிய நாடுகளில் வாழ்ந்தவர். பேயைக் குறிக்கும் 'கோஸ்ட்' என்னும் சொல்லில் எச் நுழைந்தது அவர் அச்சகத்தின் வழியே. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு அவ்வெழுத்து இல்லை. பிளெமிய மொழி வழக்கே அதனைத் தந்தது. வாத்துக்கும் ஆட்டுக்கும்கூட அவ்வச்சகம் எச் சேர்த்தது. அவை உதிர்ந்துபோகப் பேய் மட்டும் விடாது பற்றிக்கொண்டது!

அச்சு எழுத்தை இறுக்கிய அதே காலத்தில் தென்னிங்கிலாந்தின் நாவிலிருந்து உரசொலி நழுவிக்கொண்டிருந்தது. 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை வட்டாரத்துக்கு வட்டாரம் அது வெவ்வேறு வழியிற் சென்றது. ஓரிடத்தில் ஓசையின்றி மறைந்தது. ஓரிடத்தில் இதழொலியாகி 'ஃப்' என மாறியது. பிசைந்த மாவைக் குறிக்கும் 'டோ' என்ற சொல்லே வடபுலத்தில் 'டஃப்' என ஒலித்து, தனிச்சொல்லாகவே எழுதப்பெற்று ஒருவகைப் பண்டத்தின் பெயராகவும் நிற்கிறது. பல வட்டாரத்தாரும் வந்து குவிந்த இலண்டன், ஒரு சொல்லை ஒருவரிடமிருந்தும் மற்றொன்றை வேறொருவரிடமிருந்தும் ஏற்றுக்கொண்டது. குழப்பத்தின் வேர் இதுவே.

இம்மாற்றத்துக்குச் சான்று பகர்வோருள் கவிஞர் முதன்மையானவர். அச்சுக்கோப்போர் எழுத்தைக் காத்தனர். ஒலியைக் காத்தது இயைபு. 14ஆம் நூற்றாண்டின் சாசர், 'காண்டர்பரிக் கதைகள்' நூலின் முகப்புப் பகுதியில், இன்பம் என்னும் பொருளுடைய 'டெலிட்' என்ற சொல்லை, முழுமை என்று பொருள்படும் பிரெஞ்சு வழிச் சொல்லாகிய 'பர்ஃபிட்' என்பதனோடு இயைத்தார். பிரெஞ்சிலிருந்து வந்த அவ்வின்பச் சொல்லில் தொண்டையொலி என்றுமே இருந்ததில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஒளியைக் குறிக்கும் 'லைட்' என்பதைப் பார்த்து அதற்கும் ஜி, எச் செருகப்பட்டு 'டிலைட்' ஆயிற்று. ஒலி சாகாதிருந்தால் இப்பிழை நேர்ந்திராது. பின்வந்த பிளேக் இன்பத்தையும் இரவையும் தடையின்றி இயைத்துப் பாடினார்.

ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' இன்னும் வியப்பூட்டுவது. முதல் அங்கத்தின் நான்காம் காட்சியில் கோமாளி பாடும் சிறு பாட்டில், மகளைக் குறிக்கும் 'டாட்டர்' என்ற சொல், பின்னர் எனப் பொருள்படும் 'ஆஃப்டர்' என்பதனோடு இயைபு கொள்கிறது. இன்றைய நாவுக்கு அது இயைபன்று. மகளை 'டாஃப்டர்' போல ஒலித்த மாந்தரும் அக்காலத்து வாழ்ந்தனர் என்பதற்கே அது சான்றாகிறது. எதுகையும் இயைபும் செவியைச் சார்ந்தன என்பதை நன்கறிந்த தமிழ்ப் புலவர்க்கு இதன் வன்மையை விளக்க வேண்டுவதில்லை.

எழுத்தைத் திருத்த முயன்றோர் பலர். 'ஃபிஷ்' என்னும் மீனை ஜி, எச், ஓ, டி, ஐ என்று எழுதலாம் என்ற நகைச்சுவை பெர்னார்ட் ஷாவினது எனப் பரவலாகச் சொல்லப்படினும், ஷா பிறப்பதற்கு முன்பே, 1855-இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் அது காணப்படுகிறது. நகைச்சுவை நன்றே, ஆயினும் ஆங்கிலச் சொல்லின் முதலில் நிற்கும் இவ்விரட்டை ஒருபோதும் 'ஃப்' ஆவதில்லை என்பதை அது மறைத்துவிடுகிறது.

அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் தம் 1828ஆம் ஆண்டு அகராதியில் ஏரைக் குறிக்கும் 'ப்ளௌ' என்பதிலிருந்து இவ்வெழுத்துகளை நீக்கி வெற்றி கண்டார். 1906-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், 'தோ', 'த்ரூ' உள்ளிட்ட 300 சொற்களைச் சுருக்கி எழுதுமாறு அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார்; காங்கிரஸ் இணங்கவில்லை. 'சிகாகோ டிரிபியூன்' நாளேடு 1934-இல் தானே சில சுருக்கங்களை மேற்கொண்டு, 1975-இல் 'தோ', 'த்ரூ' இரண்டையும் கைவிட்டது. தலைவரின் ஆணையாலும் நாளேட்டின் விடாமுயற்சியாலும் ஆகாததைப் பெயர்ப்பலகை எழுதுவோர் செய்துகொண்டிருக்கின்றனர். ஊர்தியிலிருந்து இறங்காமலே உணவு வாங்கும் கடைவாயில்களில் 'த்ரூ' என்பதும், இனிப்பு வளையம் விற்கும் கடைகளில் 'டோநட்' என்பதும் ஜி, எச் இன்றியே எழுதப்படுகின்றன.