உயர் உந்துவிசை விகாஸ் எஞ்சினின் முதல் பயணம்

2018 மார்ச் 29 அன்று மாலை 4.56 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாவது ஏவுதளத்திலிருந்து ஜி.எஸ்.எல்.வி. எஃப்-08 ராக்கெட் புறப்பட்டது. ஜிசாட்-6ஏ என்னும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளை அது சுமந்து சென்றது. மூன்று நாட்களில் அந்தச் செயற்கைக்கோளுடனான தொடர்பு அறுந்தது. எனவே மக்கள் நினைவில் அது ஓர் இழப்பாகவே பதிந்துவிட்டது. ஆனால் அதே பயணத்தில்தான் இஸ்ரோவின் உயர் உந்துவிசை விகாஸ் எஞ்சின் முதன்முதலாகப் பறந்து வெற்றி பெற்றது. பிற்காலத்தில் சந்திரயானைச் சுமந்த கனரக ராக்கெட்டின் ஆற்றல் பெருகியதில் இந்த வெற்றிக்கு முக்கியப் பங்கு உண்டு.

விகாஸ் எஞ்சினின் தோற்றம்

1974இல் இஸ்ரோவும் எஸ்.இ.பி. என்னும் பிரெஞ்சு நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்நிறுவனம் அப்போது ஏரியான் ராக்கெட்டுக்காக வைக்கிங் என்ற திரவ எரிபொருள் எஞ்சினை உருவாக்கி வந்தது. அந்தத் தொழில்நுட்பத்தைப் பெறுவதற்கு ஈடாக, இந்தியப் பொறியாளர்கள் 100 மனித-ஆண்டு அளவுக்கு அங்கே வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவர் ஓராண்டு செய்யும் வேலையே ஒரு மனித-ஆண்டு. சுருங்கச் சொன்னால், பணத்துக்குப் பதில் உழைப்பைக் கொடுத்து இந்தியா அறிவைப் பெற்றது.

இக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். நம்பி நாராயணன். வைக்கிங்கை அடிப்படையாகக் கொண்டு இந்தியாவில் செய்யப்பட்ட எஞ்சின் 1985இல் பிரான்சின் வெர்னான் நகரில் சோதிக்கப்பட்டது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதனை நிலையம் அமைந்த பின் சோதனைகள் அங்கேயே நடந்தன. 'விகாஸ்' என்றால் வளர்ச்சி என்று பொருள். விக்ரம் அ. சாராபாயின் பெயரின் சுருக்கமாகவும் அது அமைந்துள்ளது.

எஞ்சின் இயங்கும் முறை

விகாஸ் எஞ்சினில் இரண்டு திரவங்கள் பயன்படுகின்றன. ஒன்று யு.எச்.-25 எனப்படும் ஹைட்ரசீன் வகை எரிபொருள். மற்றொன்று அது எரியத் தேவையான ஆக்சிஜனைத் தரும் நைட்ரஜன் டெட்ராக்சைடு. இவை ஒன்றையொன்று தொட்டவுடனே தாமாகத் தீப்பற்றும். பற்றவைக்கத் தனிக் கருவி தேவையில்லை. ஆகாயத்தில், பயணத்தின் நடுவே இயக்க வேண்டிய எஞ்சினுக்கு இது பெரிய வசதி. ஆனால் இரண்டுமே கொடிய நச்சுத் தன்மை கொண்டவை. கையாளுவோர் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும்.

இத்திரவங்களை எரியறைக்குள் வேகமாகத் தள்ளுவது டர்போ பம்பு. எரியறையில் உண்டாகும் சூடான வாயு குறுகிய கழுத்து வழியாகச் சீறி வெளியேறும்போது ராக்கெட் எதிர்த்திசையில் உந்தப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே செயல்படுவதை மாணவர்கள் காணலாம். ஒரு விகாஸ் எஞ்சின் தரும் உந்துவிசை சுமார் 800 கிலோ நியூட்டன். ஏறத்தாழ 80 டன் எடையைத் தாங்கும் விசை இது.

மேம்பாடு என்ன?

எரியறையில் அழுத்தம் கூடினால் உந்துவிசையும் கூடும். பழைய விகாஸ் எஞ்சினின் எரியறை அழுத்தம் 58.5 பார். கடல் மட்டத்தில் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1 பார் என்பதை நினைவில் கொண்டால் இதன் அளவு விளங்கும். புதிய வடிவத்தில் இது 62 பாராக உயர்த்தப்பட்டது. உந்துவிசை சுமார் 6 சதவீதம் கூடியது.

6 சதவீதம் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கூடுதல் அழுத்தத்தை எதிர்த்துத் திரவங்களை உள்ளே தள்ள பம்பு மேலும் கடுமையாக உழைக்க வேண்டும். கழுத்துப் பகுதியும் கூடுதல் வெப்பத்தைத் தாங்க வேண்டும். பல்லாண்டுகள் பிழையின்றி இயங்கிய எஞ்சினில் கை வைப்பது எளிய முடிவு அன்று.

முதல் பயணம்

ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஐந்து விகாஸ் எஞ்சின்கள் உள்ளன. முதல் கட்டத்தைச் சுற்றியுள்ள நான்கு பக்க உந்திகளில் ஒவ்வொன்று, இரண்டாம் கட்டத்தில் ஒன்று. எஃப்-08 பயணத்தில் இரண்டாம் கட்டத்தில் மட்டும் புதிய எஞ்சின் பொருத்தப்பட்டது. ஐந்தையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் நிதானம் இதில் தெரிகிறது. கே. சிவன் இஸ்ரோவின் தலைவராகப் பொறுப்பேற்ற பின் நடந்த முதல் ஏவுதலும் இதுவே.

முதல் கட்டம் வேலையை முடித்ததும் புதிய எஞ்சின் உயிர்பெற்றது. இரண்டு நிமிடத்துக்கும் மேலாக எரிந்து தன் பணியை முடித்தது. பின்னர் கிரையோஜெனிக் கட்டம் இயங்கியது. புறப்பட்ட ஏறத்தாழ 18 நிமிடங்களில் செயற்கைக்கோள் உரிய சுற்றுப்பாதையில் விடப்பட்டது.

செயற்கைக்கோளின் பாதையை உயர்த்தும் முதல் இரண்டு முயற்சிகள் மார்ச் 30, 31 நாட்களில் நடந்தன. மூன்றாவது முயற்சிக்கு முன்பே தொடர்பு அறுந்துவிட்டதாக ஏப்ரல் 1 அன்று இஸ்ரோ அறிவித்தது. ராக்கெட்டின் பணி முன்பே முடிந்துவிட்டதால், இந்த இழப்புக்கும் புதிய எஞ்சினுக்கும் தொடர்பில்லை.

விகாஸ் எஞ்சினின் வரலாற்றில் இது புதிதும் அன்று. 1993 செப்டம்பர் 20 அன்று பி.எஸ்.எல்.வி. முதன்முதலாக ஏவப்பட்டபோது இரண்டாம் கட்டத்தில் விகாஸ் நன்றாகவே இயங்கியது. பிற கோளாறுகளால் அந்தப் பயணம் தோல்வியடைந்தது. ஆக, பழைய எஞ்சினும் புதிய எஞ்சினும் தம் முதல் பயணத்தில் தேர்ச்சி பெற்றும் பாராட்டுக்கு உரிய நாள் அமையாமலே போயின.

கனரக ராக்கெட்டில்

2018 ஜூலையில் மகேந்திரகிரியில் உயர் உந்துவிசை விகாஸ் 195 விநாடிகள் தரையில் இயக்கிச் சோதிக்கப்பட்டது. அடுத்து அது கனரக ராக்கெட்டான ஜி.எஸ்.எல்.வி. மார்க்-3இல் இடம்பெற்றது. இப்போது எல்.வி.எம்.-3 என அழைக்கப்படும் இந்த ராக்கெட்டின் நடுக்கட்டத்தில் இரண்டு விகாஸ் எஞ்சின்கள் அருகருகே உள்ளன. ராக்கெட் புறப்பட்டுச் சுமார் இரண்டு நிமிடங்கள் ஆனபின் இரண்டும் வானிலேயே ஒன்றாக இயங்கத் தொடங்கும்.

2018 நவம்பர் 14 அன்று மாலை 5.08 மணிக்கு அந்த ராக்கெட் புறப்பட்டது. வங்கக் கடலில் கஜா புயல் தமிழகக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்த நேரம் அது. 3,423 கிலோ எடையுள்ள ஜிசாட்-29 வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையை அடைந்தது. அதுவரை இந்திய மண்ணிலிருந்து ஏவப்பட்ட செயற்கைக்கோள்களுள் மிகக் கனமானது அதுவே. 2019இல் சந்திரயான்-2, 2023இல் சந்திரயான்-3 ஆகியவற்றையும் எல்.வி.எம்.-3 தான் விண்ணுக்குக் கொண்டு சென்றது.

நீதியும் அதே ஆண்டில்

1994 அக்டோபரில் பி.எஸ்.எல்.வி. முதல் வெற்றியைப் பெற்றது. அடுத்த மாதமே நம்பி நாராயணன் உளவுக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு பொய் என 1996இல் சி.பி.ஐ. அறிக்கை அளித்தது. எனினும் முழு நீதி கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. 2018 செப்டம்பர் 14 அன்று, அவர் தேவையின்றிக் கைது செய்யப்பட்டார் எனக் கூறிய உச்ச நீதிமன்றம், அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அவர் வளர்த்த எஞ்சினின் புதிய வடிவம் பறந்த இரு பயணங்களுக்கும் இடையில் வந்த தீர்ப்பு இது. 2019இல் அவருக்குப் பத்மபூஷண் விருது அளிக்கப்பட்டது.

இன்றைய நிலை

மனிதர்களை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்திற்காக விகாஸ் எஞ்சின் மேலும் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. 2021 ஜூலை 14 அன்று மகேந்திரகிரியில் 240 விநாடிகள் இயக்கப்பட்டது. இதுவரை செயற்கைக்கோள்களைச் சுமந்த எஞ்சின் இனி மனித உயிர்களைச் சுமக்கப் போகிறது. அன்று இழந்ததை மீண்டும் செய்து அனுப்ப முடியாது. எனவேதான் 6 சதவீத மாற்றத்தைக்கூட முதலில் ஒரே ஒரு எஞ்சினில் சோதித்துப் பார்த்த அந்த நிதானம் போற்றத்தக்கது.