முற்றத்துக் கோழியும் கொட்டகைக் கோழியும்

திருப்பூரில் ஃபஜ்ருத் தொழுகைக்கு எழுவோரை இப்போது சேவல் எழுப்புவதில்லை. இரவு வேலை முடிந்து பனியன் கம்பெனியிலிருந்து திரும்புவோரின் காலடியோசையே பல தெருக்களில் வைகறையை அறிவிக்கின்றது. நான் சிறுவனாயிருந்த 1970களின் பிற்பகுதியில் எங்கள் தெருவில் முற்றமில்லாத வீடு அரிது. பஞ்சாரமில்லாத முற்றம் அதனினும் அரிது.

அக்காலத்தில் கோழி பெண்மக்களின் உடைமை. குடும்பத் தலைவர் அதன் கணக்கைக் கேட்பதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு. முட்டை விற்ற காசு தாய்மார்களின் சிறுவாடு. நான் மதரஸாவில் சேரப் புறப்பட்டபோது என் தாயார் முந்தானையிலிருந்து அவிழ்த்துத் தந்த வழிச்செலவு, மூன்று வெடைக்கோழிகளின் விலை. கோழி வாங்க வகையற்ற அண்டை வீட்டாருக்கு ஒரு பெட்டையை வாரத்துக்கு விடுவதும் உண்டு. வளர்ப்பவர் அவர், பொரிக்கும் குஞ்சுகளில் பாதி அவருக்கு.

அடைவைப்பது ஒரு தனிக் கலை. கூடையில் தவிடு பரப்பி, முட்டைகளை ஒற்றைப்படையாக அடுக்கி, இடியோசையில் கரு கலங்காதிருக்க ஓர் இரும்பாணியையும் அடுப்புக்கரியையும் ஓரத்தில் வைப்பார்கள். ஆணி இடியை எப்படித் தடுக்கும் என்று ஒருமுறை கேட்டேன். தாயார் விடை சொல்லாமல் ஆணியை வைத்துவிட்டுப் போனார். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். நாட்டு வாத்து பெரும்பாலும் அடைகாக்காது. ஆகவே அதன் முட்டையையும் கோழிதான் சுமக்கும். குஞ்சுகள் குட்டைநீரில் இறங்கி நீந்தத் தொடங்கியதும் அந்தச் செவிலித்தாய் கரையில் கதறிக்கொண்டு ஓடும் காட்சியைக் கண்டவர் மறவார்.

அறுப்பதற்கு மூன்று நாள் முன்னரே கோழியைக் கட்டிப்போட்டுத் தூய தீனி கொடுப்பதும் நம் வீடுகளின் வழக்கம். அசுத்தத்தைத் தின்னும் பிராணியை ‘ஜல்லாலா’ என்பர். இப்னு உமர் (ரலி) அவர்கள் அத்தகைய கோழியை மூன்று நாள் அடைத்து வைத்ததாக வரும் செய்தியே இதற்கு மூலம். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியரும் இதில் தவறியதில்லை.

சொற்களிலும் ஒரு வியப்பு உண்டு. தொல்காப்பிய மரபியல் ‘அளகு’ என்னும் பெண்பாற்பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் மட்டுமே உரியதாக்குகிறது. நம் நாட்டுச் சண்டைச் சேவலை உலகம் ‘அஸீல்’ என்றழைக்கிறது. அது உயர்குலத்தது, கலப்பற்றது எனப் பொருள்படும் அரபுச் சொல்.

அடைகாப்பதைக் கோழியின் கையிலிருந்து பறித்தது இக்காலத்து எந்திரம் என்று எண்ணுவோர் பலர். பக்தாதில் 1162இல் பிறந்து 1231இல் மறைந்த மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி, எகிப்தைப் பற்றி எழுதிய நூலில், அந்நாட்டில் தாய்க்கோழி பொரித்த குஞ்சைக் காண்பதே அரிது என்கிறார். அடுப்பு போன்ற அறைகளில் சாணத்தை எரித்து, அந்த வெப்பத்தால் குஞ்சு பொரிப்பது அங்கே ஒரு தொழிலாகவே இருந்தது. அந்த அறைகளின் அமைப்பை அவர் விரிவாகவே எழுதிவைத்துள்ளார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய செய்தி இது.

நம் வட்டாரத்தில் வந்த மாற்றம் இதனினும் ஆழமானது. 1984இல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் ஒப்பந்த வளர்ப்பை நடைமுறைப்படுத்தியது. பிறகு பல்லடம் வட்டாரம் முழுவதும் பற்பல நிறுவனங்கள் அவ்வழியில் நடந்தன. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. கொட்டகை, தண்ணீர், உழைப்பு ஆகியவை விவசாயியுடையவை. ஏறத்தாழ நாற்பது நாளில் இரண்டு கிலோ அளவுக்கு வளர்ந்த கோழியை லாரி ஏற்றிச்செல்லும். இவருக்குக் கிலோவுக்கு இவ்வளவென்று வளர்ப்புக்கூலி. மழை பொய்க்கும் மேட்டுநிலத்தில் அது பல குடும்பங்களைக் காத்தது என்பதை மறைக்கலாகாது. கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் முற்றமே வெறிச்சோடிய நாட்களை நானும் கண்டிருக்கிறேன். ஆயினும் ஃபிக்ஹு மொழியில் சொன்னால், வாரத்துக்கு வளர்த்த அண்டை வீட்டுப் பெண் ‘ஷரீக்’, அதாவது பங்காளி. கொட்டகைக்காரரோ ‘அஜீர்’, கூலிக்கு உழைப்பவர். கூலி போதவில்லையென்று பண்ணையாளர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். பங்காளிக்கு அந்த வழக்கே எழுவதில்லை.

வாத்தின் கதை சுருக்கமானது. நொய்யலில் சாயநீர் கலந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்கு அது முற்றியது. அந்த நீரில் வாத்தை இறக்க யாருக்கு மனம் வரும்?

அண்மையில் பல்லடத்தருகே ஒரு கொட்டகைக்குச் சென்றிருந்தேன். ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு அன்றாடம் தீனி வைப்பவர் அவ்வீட்டு அம்மையார். நோய்த்தொற்றுக்கு அஞ்சி, கொட்டகைப் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கலாகாதென்பது அங்கே விதி. கொட்டகைக் கோழியோ முட்டையிடும் பருவத்துக்கு முன்பே லாரியேறிவிடும். எங்களுக்குச் சமைப்பதற்காக அவர் பேரனைக் கடைக்கு அனுப்பி, நான்கு நாமக்கல் முட்டை வாங்கிவரச் சொன்னார்.