ரங்கையா, கோவிந்து

ரங்கையா, கோவிந்து ஆகிய இருவரும் 19 ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவர ஓவியர்கள் ஆவர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட் (1796 - 1872) என்பவருக்காக இவர்கள் தென்னிந்தியத் தாவரங்களை வரைந்தனர். ஏறத்தாழ 1825 முதல் 1845 வரை ரங்கையாவும், அதன் பின்னர் 1853 வரை கோவிந்துவும் வைட்டின் முதன்மை ஓவியர்களாக விளங்கினர். இவர்களது ஓவியங்கள் கம்பனி பாணி ஓவியங்கள் என்னும் வகையுள் அடங்கும்.

பின்னணி

கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவர்கள் பலர் தாவர ஆய்விலும் ஈடுபட்டிருந்தனர். மருந்து, சாயம், பருத்தி, மரம் முதலியவற்றின் வணிகப் பயன் இதற்கு ஒரு காரணமாகும். வில்லியம் ராக்சுபரோவின் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய நூல் 1795 முதல் 1820 வரை 300 வண்ணப் படங்களுடன் வெளிவந்தது. அப்படங்களின் மூல ஓவியங்களை வரைந்தவர்கள் இந்தியர்களே எனினும், அவர்களது பெயர்கள் நூலில் இடம்பெறவில்லை.

வைட் 1819 இல் இந்தியா வந்தார். 1826 இல் சென்னை அரசின் இயற்கையியலாளராக நியமிக்கப்பட்டார். 1828 இல் அப்பதவி நீக்கப்பட்டதால் நாகப்பட்டினத்தில் மருத்துவராகப் பணிபுரிந்தார். ரங்கையாவின் ஓவியங்களைக் கிளாசுகோவில் இருந்த வில்லியம் ஜாக்சன் ஊக்கருக்கு அனுப்பி வைத்தார். அவற்றுட் சிலவற்றை ஊக்கர் தமது இதழில் வெளியிட்டார். பின்னர் வைட் 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் பருத்திச் சோதனைப் பண்ணைகளைக் கவனித்து வந்தார்.

வரையும் முறை

உலர்த்திய செடிகள் நாளடைவில் நிறத்தையும் வடிவத்தையும் இழந்துவிடும். ஆகவே செடி வாடுமுன் அதன் தோற்றத்தைப் பதிவு செய்ய ஓவியம் தேவைப்பட்டது. இலை, பூ, காய் ஆகியவற்றுடன் கூடிய கிளை தாளின் பெரும்பகுதியில் நீர்வண்ணத்தால் தீட்டப்பட்டது. மகரந்தத்தாள், சூலகம், விதை முதலிய உறுப்புகள் பிரித்தெடுக்கப்பட்டு, பெருக்கிய அளவில் தனித்தனியே காட்டப்பட்டன. இனங்களைப் பிரித்தறிய உதவுபவை இவ்வுறுப்புகளே என்பதால், இப்பகுதியில் நேரும் பிழை தவறான பெயரிடலுக்கு வழிவகுக்கும்.

நூல்கள்

1831 - 1834 காலப்பகுதியில் விடுப்பில் தாயகம் சென்றிருந்த வைட் கல்லச்சு முறையைக் கற்றுத் திரும்பினார். அதன் பின் சென்னையில் அச்சான அவரது நூல்கள் பின்வருமாறு:

- இந்தியத் தாவரவியல் விளக்கப்படங்கள் (1838 - 1850): இரு தொகுதிகள், வண்ணம் தீட்டிய படங்கள்.
- கிழக்கிந்தியத் தாவரப் படங்கள் (1838 - 1853): ஆறு தொகுதிகள், 2,101 கறுப்பு வெள்ளைப் படங்கள்.
- நீலகிரித் தாவரத் தொகுப்பு (1846 - 1851): இரு தொகுதிகள், வண்ணம் தீட்டிய படங்கள்.

பல படங்களின் அடியில் வரைந்தவர் பெயராக ரங்கையா அல்லது கோவிந்து எனப் பொறிக்கப்பட்டுள்ளது. இந்திய ஓவியர்களின் பெயர்கள் மறைந்துபோன அக்காலத்தில் இது குறிப்பிடத்தக்கதாகும்.

கோவிந்துவின் பெயரில் தாவரம்

வைட் 1853 இல் ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினத்துக்குக் கோவிந்துவின் நினைவாகக் கோவிந்தூயியா எனப் பெயரிட்டார். அது முன்னரே பெயரிடப்பட்ட திரோப்பிடியா என்னும் பேரினத்துள் அடங்குவதாகப் பிற்காலத்தில் கொள்ளப்பட்டதால், கோவிந்தூயியா இன்று இணைப்பெயராக மட்டுமே உள்ளது.

யப்பானிய ஒப்பீடு

இதே காலத்தில் யப்பானிலும் ஒத்த முயற்சி நடைபெற்றது. நாகசாகியில் 1823 முதல் 1829 வரை மருத்துவராக இருந்த பிலிப் பிரான்சு வொன் சீபோல்டுக்குக் கவகாரா கெய்கா என்னும் ஓவியர் தாவரங்களை வரைந்து கொடுத்தார். 1835 இல் வெளிவரத் தொடங்கிய சீபோல்டின் யப்பானியத் தாவர நூலுக்கு அவ்வோவியங்கள் பயன்பட்டன.

இன்றைய நிலை

மூல ஓவியங்களில் 700 க்கும் மேற்பட்டவை எடின்பரோ அரச தாவரவியற் பூங்காவில் உள்ளன. கியூ தாவரவியற் பூங்காவிலும் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் சில உள்ளன. என்றி நோல்டி என்னும் தாவரவியலாளர் இவ்விரு ஓவியர்களின் பெயர்களையும் தலைப்பில் கொண்ட மூன்று தொகுதி நூலை 2007 இல் வெளியிட்டார். ஓர் இனத்தை முதன்முதலில் விவரித்தவர் கையாண்ட உலர்மாதிரி கிடைக்காதபோது, விளக்கத்துடன் வெளியான படமே அப்பெயருக்குச் சான்றாகத் தேர்ந்தெடுக்கப்படலாம். இதனால் இவ்வோவியங்கள் தென்னிந்தியத் தாவரங்களை இனங்காண்பதில் இன்றும் பயன்படுகின்றன.