கேட்டுப் பெற்ற முகவரி: வணிக அஞ்சல் பட்டியலின் வரலாறு

இணையத்தில் பொருள் விற்போரும் இதழ் நடத்துவோரும் தேர்தலில் நிற்போரும் இன்று முனைந்து சேர்க்கும் மின்னஞ்சல் முகவரிப் பட்டியல், கணினியோடு பிறந்த ஒன்றன்று. வாங்கக்கூடியவர் யார், அவர் எங்கே இருக்கிறார் என்னும் இரண்டு செய்திகளையும் ஒரே ஏட்டில் பதிந்துவைத்து, அவருக்கு நேரே மடல் அனுப்பி விற்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க அஞ்சல்வழி வணிகத்தில் முறையான தொழிலாக உருப்பெற்றது. இன்று பட்டியல் சேர்ப்போர் கையாளும் உத்திகளில் பலவும் அங்கேயே தோன்றிவிட்டன. முகவரிக்கு உரியவரின் இசைவைப் பெற்ற பின்னரே அவருக்கு எழுத வேண்டும் என்னும் கட்டுப்பாடு மட்டும் அங்கு இல்லை. தாளில் எழுதிய காலத்தில் அது பெரிதாகத் தேவைப்படாததும், மின்னஞ்சலில் இன்றியமையாததாக ஆனதும் எப்படி என்பதே இவ்வரலாற்றில் ஆராயத்தக்க பகுதி.

1871 அக்டோபரில் சிகாகோ நகரை அழித்த பெருந்தீயில் தம் முதற்சரக்கை இழந்த ஆரன் மான்ட்கோமரி வார்ட் என்னும் வணிகர், மறு ஆண்டு ஆகஸ்டில் 163 பொருள்களின் விலையை ஒற்றைத் தாளில் அச்சிட்டு வெளியிட்டார். 1867இல் தொடங்கப்பட்டு நடுமேற்கு மாநிலங்களில் விரைவாகப் பரவிக்கொண்டிருந்த ‘கிரேஞ்ச்’ என்னும் உழவர் சங்கத்தின் உறுப்பினர்களையே அவர் முதன்மையாக நாடினார். உள்ளூர்க் கடைக்காரர் வைத்ததே விலை என்றிருந்த நிலையில் மனம் கசந்திருந்த அவ்வுழவர்கள், இடைத்தரகர் இல்லாமல் மொத்தமாக வாங்குவதைச் சங்கத்தின் கொள்கையாகவே கொண்டிருந்தனர். ஆகவே முன்பின் அறியாத நகரத்து வணிகருக்குக் கிடைத்திராத நம்பிக்கை, சங்கத்தின் வழியாக வந்த வார்டுக்குக் கிடைத்தது. ஒரு பட்டியலின் மதிப்பை அதிலுள்ள பெயர்களின் எண்ணிக்கையைவிட, அப்பெயர்களுக்குப் பொதுவாக அமைந்த தேவையே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தொடக்கச் சான்று கிடைப்பது அரிது.

வார்டுக்குப் பின்வந்து அவரையே விஞ்சிய சியர்ஸ் ரோபக் நிறுவனம், பெயர்களைச் சேர்க்கும் வேலையை வாடிக்கையாளரிடமே ஒப்படைத்தது. 1905இல் அயோவா மாநிலத்தில் இருந்த தன் சிறந்த வாடிக்கையாளர்களுக்கு அந்நிறுவனம் எழுதி, ஒவ்வொருவரும் 24 பொருட்பட்டியல் நூல்களைத் தம் நண்பர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுக்க வேண்டும் என்றும், நூலைப் பெற்றவர்களின் பெயர்களைத் தமக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. அவ்வாறு பெற்றவர்கள் பொருள் வாங்கினால், நூலைக் கொடுத்தவருக்கு அடுப்பு, மிதிவண்டி, தையல் எந்திரம் போன்றவை பரிசாகச் சென்றன. முறை நன்கு பலிக்கவே பிற மாநிலங்களுக்கும் விரிவாக்கப்பட்டு, நிறுவனத்துக்குள் அயோவாவின் பெயராலேயே வழங்கியது. நண்பரைச் சேர்த்துவிட்டால் தள்ளுபடி என்று இன்றைய இணைய நிறுவனங்கள் அறிவிக்கும் பரிந்துரைத் திட்டங்களில் அடிப்படையாகப் புதியது எதுவும் இல்லை. அறிமுகமானவர் கையால் வந்த நூலை உழவர் குடும்பம் புறந்தள்ளாது என்பதைச் சியர்ஸ் கண்டுகொண்டதுதான் அவற்றின் மூலம். 1896இல் சோதனையாகத் தொடங்கி 1902இல் நிலைபெற்ற, கிராமத்து வீடுகளுக்கே தபால் கொண்டுசேர்க்கும் அரசுத் திட்டம் இல்லாதிருந்தால் இவ்வளவும் நடந்திராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இக்காலத்தை ஒட்டிய பத்தாண்டுகளில் இத்தொழிலுக்கான கருவிகளும் உத்திகளும் பெருகின. 1896இல் ஜோசப் டங்கன் காப்புரிமை பெற்ற ‘அட்ரஸோகிராஃப்’ என்னும் முகவரி அச்சிடும் பொறி, ஒவ்வொரு பெயரையும் கையால் எழுதும் வேலையை ஒழித்தது. இதழ் விளம்பரத்தின் மூலையில் வெட்டியனுப்பும் கூப்பனை அச்சிட்டு, எந்த இதழிலிருந்து வந்தது என்று தெரியும்படி அதில் ஒரு குறியெண்ணையும் சேர்க்கும் வழக்கம் வந்தது. எந்த விளம்பரம் எத்தனை பெயர்களைக் கொண்டுவந்தது என்பதை எண்ணிப் பார்க்க இது வழிசெய்தது. 1923இல் ‘சயின்டிஃபிக் அட்வர்டைசிங்’ என்னும் நூலை எழுதிய கிளாட் ஹாப்கின்ஸ், இலவச மாதிரியை வீடுவீடாக வீசாமல் கேட்டு எழுதுபவருக்கே அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தினார். கேட்டவருக்கே கொடு என்னும் இக்கருத்து அவரிடம் செலவுக் கணக்காகவே இருந்தாலும், பின்னாளில் இசைவு என்று பெயர்பெறவிருந்த கொள்கைக்கு மிக அருகில் வந்துவிட்டது.

பெயர்களே விற்பனைப் பொருளானதும் இக்காலத்தில்தான். ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர் பட்டியலை இன்னொரு நிறுவனத்துக்கு ஒருமுறைப் பயன்பாட்டுக்காக வாடகைக்குக் கொடுப்பதும், அதற்கென்றே பட்டியல் தரகர்கள் இருப்பதும் வழக்கமாயின. வாடகைக்கு எடுத்தவர் ஒப்பந்தத்தை மீறி மறுமுறையும் அப்பெயர்களுக்கு எழுதாமலிருக்க, பட்டியலின் சொந்தக்காரர் இடையிடையே சில பொறிப் பெயர்களைச் செருகிவைத்தார். அப்பெயர்களுக்கு வரும் மடல் அவருடைய கைக்கே வந்து சேர்ந்து, மீறலைக் காட்டிக்கொடுத்தது. இவ்வளவு கவனமும் பட்டியலின் சொந்தக்காரரைக் காப்பதற்கே செலவிடப்பட்டது என்பதும், பட்டியலில் இருந்தவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பதும் கவனத்துக்குரியவை.

ஆயினும் தாள் அஞ்சலுக்கு இயல்பாகவே ஒரு வரம்பு இருந்தது. மடலுக்கான தாளும் அச்சும் உறையும் தபால் தலையும் அனுப்புபவரின் செலவு. இறந்தவருக்கும் வீடு மாறியவருக்கும் விருப்பமில்லாதவருக்கும் அனுப்பிய ஒவ்வொரு மடலும் அவருக்கே இழப்பாதலால், பட்டியலைத் தூய்மையாக வைத்திருப்பதில் அவருக்கே நலன் இருந்தது. அதையும் மீறி வந்த மடல்களுக்கு எதிரான குறை மெல்லத்தான் வலுத்தது: ஆபாசம் என்று தாம் கருதும் விளம்பரத்தை அனுப்புபவரைத் தடுத்து நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை தந்த சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970இல் ரோவன் வழக்கில் உறுதி செய்தது, மறு ஆண்டே விளம்பர அஞ்சல் துறையினர், வேண்டாம் என்போரின் பெயர்களை நீக்குவதற்கான பொதுச் சேவை ஒன்றைத் தாமாகவே தொடங்கினர்.

இவ்வரம்பு இல்லாத அஞ்சல் எப்படியிருக்கும் என்பதற்கான முதல் அறிகுறி 1978 மே மாதத்தில் தோன்றியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்பாநெட் என்னும் ஆய்வு வலையமைப்பில், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்னும் கணினி நிறுவனத்தின் விற்பனை அலுவலர் கேரி துர்க், புதிய கணினிகளின் செயல்விளக்கத்துக்கு அழைப்பு விடுத்து, ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். முகவரிகள் அவ்வலையமைப்பின் பயனர் பெயர்களை அச்சிட்ட கையேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. மேற்பகுதியில் இடம் போதாமல் முகவரிகளில் ஒரு பகுதி மடலின் உள்ளேயே வழிந்து நின்றது. வலையமைப்பை நிருவகித்தவர்கள் கடுமையாகக் கண்டித்தனர். ஆயினும் அம்மடலால் கணினிகள் விற்றன என்றே துர்க் பின்னாளில் கூறிவந்தார். நானூறாவது முகவரியைச் சேர்ப்பதற்கு அவருக்கு ஒரு காசும் கூடுதலாகச் செலவாகவில்லை என்பதும், செலவு முழுவதும் பெற்றவர்களின் கணினிக்கும் நேரத்துக்கும் போய்ச் சேர்ந்தது என்பதும்தான் இந்நிகழ்வின் முதன்மை.

இதற்கு நேர்மாறான மரபொன்றும் அதே உலகில் வளர்ந்தது. 1986இல் எரிக் தாமஸ் எழுதிய ‘லிஸ்ட்சர்வ்’ என்னும் மென்பொருள், ஒரு குழு மடலைப் பெற விரும்புபவர் தாமே ஒரு கட்டளையை அனுப்பிச் சேரவும், தாமே விலகவும் வழிசெய்தது. ஆய்வாளர்களிடையே தோன்றிய இப்பழக்கத்தை வணிகர்கள் உடனே ஏற்கவில்லை. இணையம் பொதுமக்களுக்குத் திறந்த 1990களில், வலைப்பக்கங்களையும் செய்திக் குழுக்களையும் தேடி முகவரிகளைத் தானாகவே பொறுக்கியெடுக்கும் அறுவடை மென்பொருள்கள் வந்தன. பல இலட்சம் முகவரிகள் குறுந்தகடுகளில் விற்கப்பட்டன. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையமும் பிற அமைப்புகளும் 2002இல் ஒரு சோதனை நடத்தி, புதிதாக உருவாக்கிய 250 முகவரிகளை இணையத்தின் 175 இடங்களில் இட்டுவைத்துப் பார்த்தன. வலைப்பக்கங்களில் இட்டவற்றில் 86 விழுக்காட்டுக்கு வேண்டாத மடல்கள் வந்தன. அரட்டை அறையொன்றில் இட்ட முகவரிக்குப் பத்து நிமிடத்துக்குள் முதல் மடல் வந்துவிட்டது.

தபால் தலை செய்துவந்த கட்டுப்பாட்டை இனி வெளியிலிருந்து கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. அதை முதலில் செய்தவர்கள் அரசினர் அல்லர், வலையமைப்பு நிருவாகிகள். பால் விக்ஸியும் உடன்பணியாளர்களும் 1997 அளவில் நடைமுறைப்படுத்திய தடைப்பட்டியல், வேண்டாத மடல்களை அனுப்பும் கணினிகளின் எண் முகவரிகளைத் தொகுத்து, அவற்றிலிருந்து வரும் தொடர்பையே மறுக்கப் பிறருக்கு உதவியது. இத்தடையிலிருந்து தப்ப விரும்பிய பட்டியல்காரர்களுக்கு விதிக்கப்பட்ட வழிதான் இரட்டை ஒப்புதல்: ஒருவர் படிவத்தில் முகவரியை எழுதியதும், அம்முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தும் மடல் சென்று, அதிலுள்ள இணைப்பை அவர் அழுத்திய பின்னரே பெயர் பட்டியலில் ஏறும். பிறர் முகவரியை யாரும் எழுதிவிடலாம் என்பதால் இது தேவைப்பட்டது. பெயர்களின் எண்ணிக்கையை இது குறைக்கிறது என்று விற்பனையாளர்கள் அன்றும் இன்றும் முறையிடுகின்றனர். ஆனால் உறுதிப்படுத்தாமல் போகும் பெயர்களில் பிழையாக எழுதியவையும் விருப்பமில்லாதவையும் கலந்திருக்கும் என்பதால், அவர்கள் இழப்பது பெரும்பாலும் இழக்கத்தக்கதே.

இசைவை ஒரு விற்பனைக் கொள்கையாக வணிக உலகுக்கு எடுத்துச் சொன்னவர் செத் கோடின். பரிசுப் போட்டிகள் வழியாக மின்னஞ்சல் தொடர்பை வளர்த்த அவருடைய யோயோடைன் நிறுவனத்தை யாஹூ 1998இல் வாங்கியது. மறு ஆண்டு வெளிவந்த ‘பெர்மிஷன் மார்க்கெட்டிங்’ என்னும் நூலில், எதிர்பார்த்து வரும் மடலுக்கும் குறுக்கிடும் மடலுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் விளக்கினார். முகவரிக்கு ஈடாகப் பயனுள்ள ஒன்றைத் தருவதே இதன் அடிப்படை: இலவசச் சிறுநூல், தொடர் பாடம், தள்ளுபடிச் சீட்டு, அவற்றைப் பெறுவதற்கென்றே அமைத்த ஒற்றைப் பக்கம். செய்தியே ஈடாக அமைந்த புகழ்பெற்ற நிகழ்வு 2008இல் நடந்தது. தம் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளர் யார் என்பதை ஆதரவாளர்களுக்கே முதலில் அறிவிப்பதாக பராக் ஒபாமாவின் தேர்தல் குழு கூறி, அதற்காக முகவரிகளையும் கைபேசி எண்களையும் பதியச் செய்தது. தேர்தல் முடிந்தபோது அக்குழுவிடம் சுமார் 1 கோடியே 30 இலட்சம் மின்னஞ்சல் முகவரிகள் இருந்ததாகச் செய்திகள் வந்தன.

சட்டங்கள் இரு வேறு வழிகளில் பிரிந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் பிறப்பித்த நெறிமுறை, தனிமனிதருக்கு விளம்பர மடல் அனுப்ப முன்னிசைவு வேண்டும் என்றும், ஏற்கெனவே வாங்கியவருக்கு ஒத்த பொருள்களைப் பற்றி எழுதுவது மட்டும் விலக்கு என்றும் விதித்தது. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு ‘கேன்-ஸ்பேம்’ சட்டமோ முன்னிசைவைக் கேட்கவில்லை; அஞ்சல் முகவரியைக் குறிப்பிடுவதும், விலக விரும்புபவரைப் பத்து வேலை நாள்களுக்குள் விடுவிப்பதும் அது கேட்பவற்றுள் முதன்மையானவை. வாசலைத் திறந்துவைத்துவிட்டுத் துரத்தும் பொறுப்பை வீட்டுக்காரர் மேல் சுமத்துவது போன்ற இவ்வேற்பாடு, செலவைப் பெறுபவர் தலையில் கட்டிய பழைய அநீதியைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. இசைவு எது என்பதும் பின்னர் நுணுக்கமாக ஆராயப்பட்டது. பிளானட்49 என்னும் நிறுவனம் ஜெர்மனியில் இணையவழிப் பரிசுக்குலுக்கல் நடத்தியபோது, விளம்பரதாரர்கள் தம்மைத் தொடர்புகொள்ள இசைவதாக ஒரு கட்டத்தில் குறியிட்டவரே பங்குபெற முடிந்தது. கணினியில் கண்காணிப்புக் கோப்புகளைப் பதிக்க இசைவதாகச் சொன்ன இன்னொரு கட்டத்திலோ குறி முன்னதாகவே இடப்பட்டிருந்தது. முன்குறியிட்ட கட்டம் இசைவாகாது என்று 2019 அக்டோபர் 1 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நடைமுறையில் இன்று சட்டத்தைவிடக் கண்டிப்பானவை அஞ்சல்பெட்டி வழங்கும் நிறுவனங்களின் விதிகள். ஜிமெயில் பயனர்களுக்கு ஒரு நாளில் 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர், தாம் யாரென்று தொழில்நுட்ப வழியில் மெய்ப்பிக்க வேண்டும், விளம்பர மடல்களிலிருந்து ஒரே அழுத்தத்தில் விலக வழிதர வேண்டும், குப்பை மடல் என்று பெறுவோர் அளிக்கும் புகார்களை 0.3 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்னும் விதிகள் 2024 பிப்ரவரி முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. யாருக்கும் உரியதல்லாத பொறி முகவரிகளைத் தடைப்பட்டியல் அமைப்புகள் இணையத்தில் இட்டுவைப்பதும் உண்டு; அவற்றுக்கு மடல் அனுப்புபவர் முகவரிகளைக் கேட்டுப் பெறவில்லை என்பது அதனாலேயே வெளிப்பட்டுவிடும். பட்டியலின் சொந்தக்காரரைக் காக்கப் பிறந்த பழைய உத்தி, இவ்வாறு பெறுபவரைக் காக்கும் உத்தியாக மாறியிருக்கிறது. விலைக்கு வாங்கிய பட்டியல்கள் பயனற்றுப்போவதற்கும் இதுவே பெருங்காரணம்.

இந்தியாவில் 2023 ஆகஸ்டில் நிறைவேறிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னிசைவின் வழியையே தேர்ந்துகொண்டது. இசைவு தடையின்றியும் தெளிவான செயலின் வாயிலாகவும் அளிக்கப்பட வேண்டும் என்றும், கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் இயல வேண்டும் என்றும் அது கூறுகிறது. இசைவு கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பதும் அதன் விதி. ஆகவே சென்னையிலோ கோவையிலோ ஒருவரின் முகவரியைக் கேட்கும் நிறுவனம், அதை எதற்காகக் கேட்கிறது என்பதை அவர் விரும்பினால் தமிழிலேயே சொல்லக் கடமைப்பட்டிருக்கும். இச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.