கோழி அடையும் கம்பு

கூண்டுக்குள் கோழிகள் இரவில் ஏறித் தூங்கும் குறுக்குக் கம்பு. வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி மலேசியக் காடுகளில் இன்றும் மரக்கிளையில்தான் அடைகிறது. அந்தப் பழக்கமே கம்பைத் தேட வைக்கிறது. தோட்டப்புற லயத்து வீடுகளின் கொல்லையில் தமிழர்கள் வளர்த்த கம்பத்துக் கோழிகள், கூண்டு திறந்திருந்தால் ரம்புத்தான் மரத்தில் ஏறிவிடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் சிறு கூண்டுகளுக்கு 4 முதல் 5 செ.மீ. தடிமனுள்ள, மேல்விளிம்பு மழுக்கிய மரச்சட்டம் ஏற்றது. கோழி ஒன்றுக்கு 20 முதல் 25 செ.மீ. நீளம் வேண்டும், இங்குள்ள புழுக்கத்தில் இன்னும் தாராளமாக விடுவதே நல்லது. உயரம் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. போதும். கனத்த இனங்களுக்கு அதுவும் அதிகம்: குதித்திறங்கும்போது பாதத்தில் அடிபட்டுச் சீழ்க்கட்டி வரலாம். முட்டையிடும் பெட்டியைவிடக் கம்பு தாழ்ந்திருந்தால் கோழிகள் பெட்டியிலேயே படுத்து எச்சமிடும். பிளாஸ்டிக் குழாய் வழுக்கும். மூங்கில் மலிவு, ஆனால் அதன் வெடிப்புகளில் சிவப்புச் செள்ளு பகலில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் உறிஞ்சும். ஆகவே கம்பைக் கழற்றிக் கழுவும்படி பொருத்துவர்.

கோழி பிடிக்கும் மூசாங் எனும் மரநாயும் மலைப்பாம்பும் நகரத்திலும் உண்டு. கம்பு எத்தனை உயரமானாலும் கம்பிவலை இல்லாமல் பயனில்லை.