மகப்பேற்று பிஸ்டுலா – ஒரு வரலாற்றுப் பார்வை

சிறுநீரை அடக்க முடியாமை முதியவர்களுக்கு மட்டுமே வரும் குறை என்று பலர் எண்ணுகின்றனர். இளம் தாய்மாரையும் அது வாட்டியுள்ளது. சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே பிள்ளைப்பேற்றின்போது உண்டாகும் துளை மகப்பேற்று பிஸ்டுலா எனப்படும். குழந்தை வெளிவர முடியாமல் பிரசவ வலி நாள்கணக்கில் நீடித்தால், அதன் தலை தாயின் சிறுநீர்ப்பையை இடுப்பெலும்போடு சேர்த்து அழுத்துகிறது. இரத்த ஓட்டம் தடைப்பட்டு அவ்விடத்துத் திசு இறந்து, துளை விழுகிறது. பெரும்பாலும் குழந்தையும் பிழைப்பதில்லை. தாய்க்கோ இரவும் பகலும் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

பழைய சான்று

இந்நோய் மிகப் பழமையானது. எகிப்தில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹென்ஹெனித் என்ற அரசகுலப் பெண்ணின் பதப்படுத்தப்பட்ட உடலில் இத்தகைய பெரிய துளை இருந்ததை டக்ளஸ் டெர்ரி 1935இல் வெளியிட்டார்.

அலபாமாவின் மூன்று பெண்கள்

பல நூற்றாண்டுகளாக இதற்கு நம்பகமான சிகிச்சை இருக்கவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாண்ட்கோமெரி நகர மருத்துவரான ஜே. மரியன் சிம்ஸ், 1845 முதல் 1849 வரை அடிமைப் பெண்களுக்கு அறுவை செய்து பார்த்தார். அனார்க்கா, பெட்சி, லூசி ஆகிய மூவரின் பெயர்கள் மட்டுமே நமக்குத் தெரியும். அனார்க்காவுக்கு மட்டும் ஏறத்தாழ 30 முறை அறுவை நடந்தது. ஈதர் மயக்க மருந்து 1846இல் அறிமுகமான பின்னரும் அது இவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. உதவிக்கு வந்த மருத்துவர்கள் விலகியபோது, இப்பெண்களே ஒருவருக்கொருவர் செவிலியராக நின்றனர். வெள்ளிக் கம்பித் தையலால் 1849இல் துளை மூடியது. 1852இல் சிம்ஸ் தம் முறையை வெளியிட்டுப் பெரும் புகழ் பெற்றார்.

அடிமைகளுக்கு மறுக்கும் உரிமை இல்லை; அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அவர்கள் வாயால் சொன்ன பதிவும் இல்லை. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் ஓரத்தில் இருந்த சிம்ஸின் சிலை, பலரின் எதிர்ப்புக்குப் பின் 2018இல் அகற்றப்பட்டது. 2021இல் மாண்ட்கோமெரியில் அந்த மூன்று பெண்களுக்கும் நினைவுச் சிலைகள் எழுந்தன.

அடிஸ் அபாபா மருத்துவமனை

செல்வ நாடுகளில் மருத்துவமனைப் பிரசவமும் சிசேரியனும் பரவியதால் இந்நோய் ஏறக்குறைய மறைந்தது. ஏழை நாடுகளில் நீடித்தது. 1959இல் எத்தியோப்பியாவுக்கு வந்த ரெஜினால்ட், கேத்தரின் ஹாம்லின் என்னும் மருத்துவத் தம்பதியர், 1974இல் அடிஸ் அபாபாவில் இதற்கெனவே ஒரு மருத்துவமனை தொடங்கினர். அங்கு இலவசமாகச் சிகிச்சை பெற்ற பெண்கள் 60,000-க்கும் மேற்பட்டோர். இத்தம்பதியரிடம் நோயாளியாக வந்த மாமிட்டு காஷே, பள்ளிப் படிப்பே இல்லாதவர். பின்னாளில் அதே அறுவையைச் செய்யும் வல்லுநரானார்.

இன்று

2013 முதல் ஆண்டுதோறும் மே 23 மகப்பேற்று பிஸ்டுலா ஒழிப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்நோய் சாபமும் அன்று, பெண்ணின் குற்றமும் அன்று. பிரசவ நேரத்தில் தக்க உதவி கிடைக்காததன் விளைவே இது. சிறுநீர்க் கசிவு எவ்வகையினதாயினும், வெட்கத்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வதே குணமடைவதற்கான முதற்படியாகும்.