சிஸ்டர் சுப்பலட்சுமி: பெறாத பிள்ளைகளுக்கெல்லாம் அம்மா



சுப்புலட்சுமி என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பாடகி எம்.எஸ். நினைவுக்கு வருவார். நான் இன்று எழுதுவது வேறொருவரைப் பற்றி. என் பாட்டி சென்னையில் லேடி வெலிங்டன் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர். அந்தக் கல்லூரியின் முதல் தலைவி சகோதரி சுப்பலட்சுமி. பாட்டியின் தலைமுறையில் எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'தான். அவர் கன்னியாஸ்திரி அல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமணக் குடும்பத்தில் 1886-இல் பிறந்தவர்.

அவருக்கு 11 வயதில் திருமணம் செய்துவைத்தார்கள். இங்கே டொரான்டோவில் 11 வயது என்றால் ஆறாம் வகுப்பு. திருமணமான சிறிது காலத்திலேயே அந்தப் பையன் இறந்துவிட்டான். அவரோடு அவர் வாழவே இல்லை. ஆனாலும் ஊர் அவரை 'விதவை' என்றது.

அந்தச் சொல்லுக்கு அன்று என்ன பொருள் என்று நமக்குத் தெரிய வேண்டும். அந்தச் சமூகத்தில் கணவனை இழந்த பெண்ணுக்குத் தலையை மழித்துவிடுவார்கள். நகை, பூ, பொட்டு எதுவும் கிடையாது. கல்யாண வீட்டில் முன்னால் வரக்கூடாது. மறுமணம் செய்யலாம் என்று 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் காகிதத்தில் இருந்தது, வழக்கம் வீட்டுக்குள் இருந்தது. வழக்கம்தான் ஜெயித்தது.

சுப்பலட்சுமியின் அப்பா சுப்பிரமணிய ஐயர் மகளுக்கு மொட்டை அடிக்க மறுத்தார், படிக்க வைத்தார். வீட்டில் அவருக்குத் துணையாக இருந்தவர் சித்தி வாலாம்பாள். சித்தியும் இளம் வயதில் கணவனை இழந்தவர்தான். உறவினர்களின் பேச்சைத் தாங்கிக்கொண்டு அந்தக் குடும்பம் உறுதியாக நின்றது. கான்வென்ட் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி என்று படித்து, 1911-இல் சுப்பலட்சுமி பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர்தான்.

அத்தோடு நின்றிருந்தாலே நாம் அவரைப் பாராட்டியிருப்போம். அவர் அடுத்துச் செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அந்தக் காலத்தில் பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்கவில்லை. ஆண் வாத்தியாரிடம் மகளை அனுப்பப் பல பெற்றோருக்கு விருப்பம் இல்லை. பெண்களோ சிறு வயதிலேயே கல்யாணமாகிக் குடும்பத்துக்குள் போய்விடுவார்கள். அப்படியானால் யார் பாடம் நடத்துவது? பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த மிஸ் லிஞ்ச் என்ற பெண்மணிக்கும் இதே கவலை. சுப்பலட்சுமியிடம் ஒரு விடை இருந்தது. யாருக்கும் வேண்டாதவர்களாக வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் சிறுமிகளைப் படிக்க வைத்து, அவர்களையே ஆசிரியைகளாக்குவது.

எழும்பூரில் தம் குடும்பம் இருந்த வீட்டிலேயே, விரல்விட்டு எண்ணக்கூடிய சில சிறுமிகளோடு அவர் ஓர் இல்லம் தொடங்கினார். சித்தி வாலாம்பாள் அந்தப் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டார். சுப்பலட்சுமி பாடம் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் கூடக்கூட வீடு போதவில்லை. கடைசியில் அரசு வாங்கியிருந்த ஐஸ் ஹவுஸுக்கு இல்லம் மாறியது.

மெரினா கடற்கரைக்கு எதிரே இப்போது விவேகானந்தர் இல்லம் என்று நிற்கிறதே, அதே கட்டடம்தான். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைப் பாதுகாக்க 1842-இல் கட்டியது. பக்கத்திலேயே 1914-இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி, இன்றைய ராணி மேரிக் கல்லூரி, இருந்தது. இல்லத்துப் பெண்கள் அங்கே போய்ப் படித்தார்கள். 1922-இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியதும் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் பேசவேண்டும். அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டுமே. ஆசாரம் தவறாது என்று நம்பினால்தான் பெற்றோர் பெண்களை அனுப்புவார்கள் என்பதால், உள்ளே அந்த நியமங்களைக் கடைப்பிடித்தார்கள். மற்றச் சாதிகளிலும் துயரப்பட்ட பெண்கள் இருந்தார்களே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்கிறேன். அது நியாயமான கேள்விதான். அதே சிஸ்டர் கடற்கரைக் குப்பத்தில் மீனவர் பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தினார் என்பதும் உண்மை. அவர் நின்ற இடத்திலிருந்து எட்டியவரை கை நீட்டினார். எட்டாத தூரமும் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு.

இல்லத்தில் சேர வயது வரம்பு இருந்தது. அதைக் கடந்து வந்த பெண்களைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனமில்லை. அவர்களுக்காகச் சாரதா வித்யாலயா உருவானது. பெண்ணின் திருமண வயது குறைந்தது 14 என்று 1929-இல் சட்டம் வந்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். தம் 11 வயதை அவர் மறந்திருக்கமாட்டார்.

அரசுப் பணி முடிந்த பிறகும் அவர் ஓயவில்லை. 1942-இல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் நியமன உறுப்பினராக இருந்தார். மயிலாப்பூர் வித்யா மந்திர் பள்ளி உருவாகவும் துணை நின்றார். 1958-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1969 டிசம்பர் 20 அன்று, 83 வயதில் காலமானார்.

அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளை பெறவில்லை. ஆனால் தலை மழித்த சிறுமிகளை வீட்டுக்குள் அழைத்துச் சோறு போட்டு, புத்தகம் கொடுத்து, சம்பளம் வாங்கும் டீச்சர்களாக அனுப்பிவைத்தார். அந்த டீச்சர்கள் ஊர் ஊராகப் போய் எத்தனையோ பெண்களுக்கு எழுத்தறிவித்தார்கள். தாய் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த வாரம் உங்கள் பாட்டியிடமோ அம்மம்மாவிடமோ பேசும்போது ஒன்று கேளுங்கள்: "உங்களுக்கு முதலில் பாடம் சொல்லித்தந்த டீச்சர் யார்? அவர் எப்படி டீச்சரானார்?" சொல்லும் பெயரை மறக்காமல் எழுதி வையுங்கள்.